விதியும் கதையும்: ஆட்டத்தில் விளையும் கதைகளின் மொழி

மொழிபெயர்ப்புப் பற்றிய கோட்பாடுகளுள் பெரும்பாலானவை ஓர் எடுகோளின்மீது நிற்கின்றன. மூலமொழியில் ஒரு பனுவல் முன்னரே உள்ளது. அதற்கு நிகரான வேறொரு பனுவலை இலக்குமொழியில் ஆக்கவேண்டும் என்பதே அவ்வெடுகோள். கணிப்பொறி விளையாட்டுகளைத் தமிழாக்கும் முயற்சிகள் தொடங்கியுள்ள இந்நாளில் இவ்வெடுகோள் சில இடங்களில் பொருந்தாமற் போகிறது. ஆடுபவர் ஆடத் தொடங்கும்வரை கதை இல்லாத விளையாட்டுகள் உள்ளன. அவற்றில் ஆசிரியன் விதிகளை மட்டும் எழுதுகிறான்; நிகழ்ச்சிகள் அவ்விதிகள் ஒன்றோடொன்று மோதுவதால் உண்டாகின்றன; அந்நிகழ்ச்சிகளைக் கதையாகச் சொல்பவர் ஆடுபவரே. இத்தகைய ஆட்டத்தை மொழிபெயர்ப்பவர் ஒரு பனுவலையன்று, பனுவல்களைப் பிறப்பிக்கும் ஓர் இலக்கணத்தையே மொழிபெயர்க்கிறார். அவ்விலக்கணம் தமிழின் வேற்றுமையமைப்போடும் திணைபால் இயைபோடும் எங்கு இசைகிறது, எங்கு முரண்படுகிறது என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

இருவகைக் கதைகள்

விளையாட்டியல் அறிஞர் யெஸ்பர் யூல் 2002இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் கணிப்பொறி விளையாட்டுகளை இருவகையாகப் பகுத்தார். ஆசிரியன் வகுத்த வரிசையில் ஆடுபவர் ஒவ்வொரு கட்டமாகக் கடந்து செல்வது ஒருவகை. சில எளிய விதிகளின் சேர்க்கையால் எண்ணற்ற நிலைமைகள் தோன்றுவது மற்றொன்று. சதுரங்கம் இரண்டாம் வகைக்குப் பழைய சான்றாகும். ஹென்றி ஜென்கின்ஸ் 2004இல் ஆட்டங்களில் கதை இடம்பெறும் முறைகளை ஆராய்ந்தபோது, முன்னரே பொதிந்து வைக்கப்பட்ட கதையையும் ஆட்டத்தினின்று தோன்றும் கதையையும் வேறுபடுத்திக் காட்டினார்.

தமிழர் வாழ்வைப் பொருளாகக் கொண்டு 2023இல் டொரண்டோ நகரிலிருந்து வெளிவந்த ‘வெண்பா’ என்னும் விளையாட்டு முதல் வகையைச் சார்ந்தது. கனடாவிற்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை அதில் சமையலின் வழியே சொல்லப்படுகிறது. ஆடுபவர் இட்லியை எவ்வாறு அவித்தாலும் குடும்பத்தின் கதை ஆசிரியர் எழுதிய வழியிலேயே செல்லும். சிதைந்த சமையற்குறிப்பின் சொற்களை ஊகித்து நிரப்புவதில்தான் ஆடுபவருக்கு இடமுண்டு. இவ்வகை விளையாட்டை மொழிபெயர்ப்பது திரைப்படத்தையோ நாடகத்தையோ மொழிபெயர்ப்பதைப் போன்றதே. இக்கட்டுரையின் அக்கறை மற்றொரு வகையின்மீது.

மைசூர்ப் பலகைகளும் தாயக்கட்டமும்

விதிகளை ஆக்கிக் கதையை ஆடுவோரிடம் விட்டுவிடும் கலை கணிப்பொறியோடு பிறந்ததன்று. மைசூரை ஆண்ட மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) இத்துறையில் காட்டிய ஈடுபாடு வியப்பிற்குரியது. ஆட்சிப் பொறுப்பு 1831இல் ஆங்கிலேயர் கைக்குச் சென்றபின் கலைகளின்பால் முழுக்கவனமும் செலுத்திய அவர், பலர் ஒருங்கே ஆடத்தக்க வகையில் பச்சீசி ஆட்டத்தின் புதிய வடிவங்களை வகுத்தார். கஞ்சிஃபாச் சீட்டுகளிலும் புதிய வகைகளை அமைத்தார். சதுரங்கக் குதிரை எல்லாக் கட்டங்களையும் ஒருமுறை மட்டும் தொட்டுச் செல்லும் நடைகளை ஆராய்ந்தார். அவர் பெயரால் வழங்கும் ஸ்ரீதத்துவநிதியின் ஒன்பது நிதிகளுள் கடைசியான கௌதுகநிதி விளையாட்டுகளுக்கு உரியது. ஜகன்மோகன் அரண்மனைச் சுவர்களில் ஆட்டப்பலகைகள் ஓவியங்களாக இன்றும் காணப்படுகின்றன. கதை மாந்தரைத் தீட்டவேண்டிய சுவரில் கதை பிறக்கும் களத்தை மட்டும் தீட்டியிருப்பது மொழியியலார்க்கு ஒரு குறிப்பை உணர்த்தவல்லது: தொடரை எழுதாமல் தொடரியலை எழுதி வைத்திருக்கிறார்கள்.

மக்கள் வழக்கிலுள்ள ஆட்டங்கள் இதனினும் தெளிவான சான்றுகளைத் தருகின்றன. பரமபத சோபானத்தில் கதை பலகையிலேயே எழுதப்பட்டுள்ளது. பாம்புகளுக்கும் ஏணிகளுக்கும் உரிய பயன்கள் முன்னரே வகுக்கப்பட்டவை. ஆடுபவர் தெரிவுசெய்ய எதுவுமில்லை. எண் விழுந்தபடி ஏறுவார், இறங்குவார். ஆடுபுலி ஆட்டத்தில் நிலைமை வேறு. இருபத்துமூன்று புள்ளிகள், மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். புலி தாண்டி வெட்டும். ஆடு தாண்டாது, சூழ்ந்து அடைக்கும். இவ்விதிகளில் ‘தியாகம்’ என்றோ ‘சூழ்ச்சி’ என்றோ சொல் இல்லை. ஆயினும் ஓர் ஆட்டைப் புலிக்குக் கொடுத்துவிட்டு மற்றோர் ஆட்டால் புலியின் வழியை அடைத்தவர், அடுத்த வேளை சோற்றின்போது அதனைச் சூழ்ச்சியாகவே சொல்வார். கதைக்குரிய சொற்கள் விதியில் இல்லை, ஆடுபவரின் வாயில்தான் உள்ளன.

தாயக்கட்டத்தின் சொற்களஞ்சியம் தனியே ஆராயத்தக்கது. பலகையில் நகர்வது காய். எதிரியின் காய் வந்து சேர்ந்தால் வெட்டுப்படும். வெட்ட முடியாத கட்டம் மலை. சுற்றி முடித்து உள்ளே சென்ற காய் பழம். காய் பழுக்கும் என்னும் ஒரே உருவகம் ஆட்டம் முழுவதையும் ஒரு வளர்ச்சிக் கதையாக்கி விடுகிறது. மைசூரில் ஐந்துக்கு ஐந்து கட்டங்களில் நான்கு சோழிகளைக் கொண்டு ஆடப்படும் சவுக்காபாராவிலும் நகர்வது ‘காயி’, சேர்ந்தது ‘ஹண்ணு’. சோழிகளின் வீழ்ச்சியில் நான்கிற்குரிய பெயரையும் எட்டிற்குரிய பெயரையும் சேர்த்தே அவ்வாட்டத்திற்குப் பெயரிட்டுள்ளனர். விஜயநகர் போன்ற மைசூர்க் குடியிருப்புகளில் தமிழும் கன்னடமும் அடுத்தடுத்த வீடுகளில் பேசப்படுகின்றன. அங்குள்ள சிறுவர்க்கு இவ்விரு சொற்களஞ்சியங்களையும் இணைத்துக்கொள்வதில் இடர்ப்பாடு இல்லை. உருவகம் ஒன்றாதலின் சொல் மாறினும் கதை மாறுவதில்லை. பல்லாங்குழியில் நான்கு காய் சேர்ந்த குழியைப் ‘பசு’ என்று தமிழில் வழங்குவதும் இவ்வகையினதே. நான்கு என்னும் எண்ணுக்கு நான்கு கால் தந்து உயிரூட்டியவர் யாரென்று தெரியாது. விதியை அமைத்தவராக இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை.

எழுதாத நிகழ்ச்சிகள்

கணிப்பொறியில் இக்கருத்து கூர்மை பெற்றது 1970இல் எனலாம். ஜான் கான்வே என்னும் கணிதவியலார் வகுத்த ‘வாழ்க்கை ஆட்டம்’ அவ்வாண்டு மார்ட்டின் கார்ட்னரின் பத்தியொன்றின் வழியே உலகிற்கு அறிமுகமாயிற்று. கட்டம் ஒன்று உயிரோடிருப்பதும் மடிவதும் அதனைச் சூழ்ந்த எட்டுக் கட்டங்களைப் பொறுத்தது என்பதே அதன் விதி. அவ்விதியில் இயக்கம் பற்றிய பேச்சே இல்லை. இருப்பினும் ஐந்து கட்டங்களாலான ஓர் உருவம் குறுக்காக ஊர்ந்து செல்லக் காணப்பட்டது. கண்டவர்கள் அதற்கு மிதவைப் பறவையை நினைவூட்டும் பெயரைச் சூட்டினர். பெயர் சூட்டப்பட்ட கணத்தில் கட்டங்களின் தொகுதி ஒரு ‘பொருள்’ ஆயிற்று, வினைக்கு எழுவாயாயிற்று. விளைகின்ற கதைகளின் முதற்படி பெரும்பாலும் இவ்வாறு பெயரிடுதலே ஆகும்.

விதிகளிலிருந்து கதை விளைவதை நேரடியாக முயன்ற பணி ஜேம்ஸ் மீஹன் யேல் பல்கலைக்கழகத்தில் 1976இல் முடித்த ஆய்வில் உருவாக்கிய ‘டேல்ஸ்பின்’ நிரலாகும். அதன் வெற்றிகளைவிடத் தோல்விகளே இன்றளவும் பேசப்படுகின்றன. எறும்பு ஆற்றில் விழுகிறது. அதனை ஆற்றுக்குள் கொண்டுசேர்த்தது ஈர்ப்பு விசை. நிரலின் விதிப்படி ஒன்றை ஓரிடத்திற்குக் கொண்டுசெல்பவர் தாமும் அவ்விடத்திற்குச் செல்கிறார். எனவே ஈர்ப்பு விசையும் ஆற்றில் இருந்தது. எறும்பைக் காப்பாற்ற நண்பன் உண்டு. ஈர்ப்பு விசைக்கு நண்பர் எவருமில்லை. ஆதலால் அது மூழ்கி இறந்தது. சிரிப்பிற்கு அப்பால் இது வினைமுதல் பற்றிய ஒரு பாடம். வேற்றுமைப் பொருளுறவுகளைப் பற்றி எழுதுவோர், செயலின் காரணத்தையும் செயலைச் செய்யும் கருத்தாவையும் ஒன்றாகக் கொள்வதால் விளையும் இடர்ப்பாட்டிற்கு இதனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை.

2000இல் வெளிவந்த ‘தி சிம்ஸ்’ இச்சிக்கலை வேறு வகையில் கடந்தது. வில் ரைட் அமைத்த அவ்விளையாட்டின் மாந்தர் சிம்லிஷ் என்னும் பொருளற்ற ஒலித்தொடர்களையே பேசுவர். தொனி உண்டு, சினமும் கொஞ்சலும் ஒலியிலேயே விளங்கும். சொற்பொருள் மட்டும் இல்லை. இதனால் உரையாடலை ஆடுபவரே தம் மொழியில் இட்டு நிரப்பிக்கொள்கிறார். மொழிபெயர்ப்பாளரின் நோக்கில் இது வியப்பான தீர்வு: எம்மொழிக்கும் உரியதல்லாத பேச்சு எம்மொழியினர்க்கும் உரியதாகிறது.

டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் உடன்பிறந்தார் 2006இல் வெளியிட்ட ‘டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்’ இவ்வகையின் முதன்மைச் சான்றாகக் கருதத்தக்கது. ஆட்டம் தொடங்குமுன்பே நிரல் ஓர் உலகையும் அதன் பல நூற்றாண்டு வரலாற்றையும் உண்டாக்கிவிடும். பின்னர்க் குள்ளர்களின் குடியிருப்பு ஒன்றை ஆடுபவர் நடத்துவார். 2015 இறுதியில் மதுக்கூடங்கள் இதில் சேர்க்கப்பட்டபோது பூனைகள் காரணமின்றி இறக்கத் தொடங்கின. ஆராய்ந்ததில் தெரியவந்தது இது: குடிப்பவர் சிந்திய மது தரையில் கிடந்தது, பூனைகள் அதில் நடந்தன, பூனைகள் தம் பாதங்களை நக்கித் தூய்மை செய்யும் என்பது வேறோரிடத்தில் எழுதிய விதி, நக்கிய துளியை ஒரு குவளை அளவாகக் கணக்கிட்டதில் ஒரு பிழை. நான்கு செய்திகளும் தனித்தனியே எழுதப்பட்டவை. குடித்துச் செத்த பூனைகளின் கதையை எவரும் எழுதவில்லை.

அதே விளையாட்டில் 2006–07 காலத்தில் சிலர் ஒரே குடியிருப்பை ஆளுக்கோர் ஆட்டஆண்டாகத் தொடர்ந்து நடத்திக் கைமாற்றினர். ஒவ்வொருவரும் தம் ஆண்டின் நிகழ்ச்சிகளை எழுதியும் வைத்தனர். ‘போட்மர்டர்ட்’ என வழங்கும் அத்தொகுப்பில் மதம்கொண்ட யானைகள் குடியிருப்பைச் சூறையாடுவதும் எரிகுழம்பால் அவற்றை அழிக்க முயல்வதும் விரிவாக இடம்பெறுகின்றன. அதன் தமிழாக்கம் பற்றிப் பின்னர்க் கூறப்படும்.

இவற்றோடு ஒன்றைச் சுருக்கமாகச் சுட்டலாம். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் 2005 செப்டம்பரில் ஒரு தனிக் களத்திற்குள் மட்டுமே பரவவேண்டிய சாபநோய், ஆடுவோரின் வளர்ப்பு விலங்குகளின் வழியே நகரங்களுக்குப் பரவிக் கொள்ளைநோயாயிற்று. ஓடியவரும், உதவ வந்தவரும், வேண்டுமென்றே பரப்பியவரும் இருந்தனர். 2007இல் தொற்றுநோய் பற்றிய மருத்துவ இதழொன்று இதனை ஆய்வுப்பொருளாக்கியது.

சங்க அகப்பாடல்களின் துறைகளையும் இத்தகைய விதித்தொகுதியாகக் கருதலாம் என்று வாதிடுவோர் இருக்கக்கூடும். முதல், கரு, உரி என்னும் பகுப்பும், மாந்தர்க்குப் பெயர் சுட்டாமையும், கூற்றுக்குரியோர் வரையறையும் அவ்வெண்ணத்திற்கு இடந்தருவன. ஆயின் அங்கு ஒவ்வொரு பாடலையும் ஒரு புலவர் தம் தெரிவால் ஆக்குகிறார். விதிகள் தாமே மோதிப் பாடலை உண்டாக்குவதில்லை. ஒப்புமை கவர்ச்சியானது, ஆனால் வலுவற்றது.

‘நான் செத்துவிட்டேன்’

வில்லியம் லபோவும் ஜாஷுவா வாலெட்ஸ்கியும் 1967இல் வாய்மொழிக் கதையாடலை ஆராய்ந்து, நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துவது மட்டும் கதையாகாது, சொல்பவரின் மதிப்பீடும் வேண்டும் என நிறுவினர். இப்பகுப்பு இங்குப் பெரிதும் பயன்படுகிறது. கணிப்பொறி தருவது நிகழ்ச்சிப் பதிவு. மதிப்பீட்டைத் தருபவர் ஆடுபவர். தமிழில் இவ்விரண்டிற்கும் உள்ள எல்லையை வினைச்சொல்லே காட்டிக்கொடுக்கிறது. ‘பூனை இறந்தது’ என்பது பதிவு. ‘பூனை செத்துப் போச்சு’, ‘பூனை செத்துத் தொலைஞ்சுது’ என்பன கதை. விடு, போ, தொலை, கொள் முதலிய துணைவினைகள் சொல்பவரின் வருத்தம், சலிப்பு, எதிர்பாராமை ஆகியவற்றைச் சுமப்பன. நிரலுக்கு மனப்பாங்கு இன்மையால் அதன் பதிவுகளில் துணைவினைக்கு இடமில்லை. மொழிபெயர்ப்பாளர் அழகு கருதிப் பதிவுத்தொடர்களில் ‘விட்டது’ என்று சேர்ப்பதுண்டு. அது தவிர்க்கத்தக்கது. ஓடியது எதிரியாயின் ஆடுபவர்க்கு மகிழ்ச்சி, தம்மவனாயின் வருத்தம்; எதுவென நிரல் அறியாது.

அடுத்துக் கருதவேண்டியது இடப்பாகுபாடு. ‘நான் செத்துவிட்டேன்’ என்பது வாழ்க்கையில் எவரும் உண்மையாகக் கூறமுடியாத தன்மைத் தொடர். ஆட்டத்தில் அது இயல்பாக வழங்குகிறது. தாயக்கட்டத்திலேயே ‘என் காயை வெட்டிட்டான்’ என்பதோடு ‘என்னை வெட்டிட்டான்’ என்பதும் உண்டு. உடைமைக்காக உடையவரைச் சுட்டும் ஆகுபெயர் வழக்கு இது. ஒற்றை மாந்தரின் கண்வழியே ஆடும் ஆட்டங்களில் ‘என்’ முற்றும் மறைந்து ‘நான்’ மட்டும் நிற்கிறது. ஆனால் குடியிருப்பு முழுவதையும் மேலிருந்து நடத்தும் ஆட்டங்களில் ‘நான் செத்தேன்’ என்பார் இல்லை. ‘என் ஆள் செத்தான்’ என்பதே வழக்கு. ஆட்டத்தின் காட்சிக்கோணம் தொடரின் இடத்தை முடிவுசெய்கிறது.

இளைஞர் பேச்சில் ஆங்கிலச் சொற்கள் மிகுதி என்னும் குறை அடிக்கடி கூறப்படுகிறது. 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட பப்ஜியையும் 2021இல் அதற்கு மாற்றாக வந்த இந்தியப் பதிப்பையும் ஆடுவோர் ‘நாக் பண்ணிட்டான்’, ‘நாக் ஆயிட்டேன்’, ‘ரிவைவ் பண்ணு’ என்கின்றனர். இத்தொடர்களைக் கூர்ந்து நோக்கின், வந்த சொல் பெயராக மட்டும் நுழைந்திருப்பதும், பண்ணு–ஆகு என்னும் தமிழ் இணை அதனைச் செயப்படுபொருள் குன்றாவினையாகவும் குன்றியவினையாகவும் பாகுபடுத்துவதும் புலனாகும். வெட்டு–வெட்டுப்படு என்னும் இணை தாயக்கட்டத்தில் செய்யும் பணியும் இதுவே. கடன்சொல் தமிழ்த் தொடரமைப்பைக் குலைக்கவில்லை. குலைவு வருவது வேறிடத்திலிருந்து.

வாய்பாட்டுத் தொடர்கள்

ஆட்டத்தில் விளையும் நிகழ்ச்சிகள் முன்கூட்டி அறியப்படாதவை. ஆகவே அவற்றை அறிவிக்கும் தொடர்களையும் முழுமையாக எழுதிவைக்க இயலாது. வெற்றிடங்களைக் கொண்ட வாய்பாடுகளை எழுதி, நிகழ்ச்சி நேரும்போது பெயர்களை நிரப்புவதே வழக்கம். ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டில் ஒருவர் மடியும்போது தோன்றும் அறிவிப்புகள் இத்தகையவை. மடிந்தவர், கொன்றது, கருவி என மூன்று இடங்கள். அவற்றிற்கு எண்ணிடப்பட்டிருப்பதால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். அவ்விளையாட்டின் ஜாவா பதிப்பில் தெரிவுசெய்யத்தக்க மொழிகளுள் தமிழும் ஒன்று. தன்னார்வலர் ஆக்கிய தமிழாக்கம் அது. வரிசை மாற்றும் வசதி வினை இறுதியில் நிற்கும் தமிழுக்குப் பேருதவி. ஆயினும் வரிசை சிறிய சிக்கல்தான்.

ஆங்கிலத்தில் பெயர் உருமாறாமல் முன்னிடைச் சொல்லைப் பெறும். தமிழில் பெயரே திரிந்து உருபேற்கும். வெற்றிடத்திற்குப் பின் ‘ஐ’ என்றும் ‘ஆல்’ என்றும் ஒட்டிவைத்தால் ‘முருகன் மரம்ஐ கோடரிஆல் வெட்டினான்’ என்பது போன்ற தொடர் திரையில் தோன்றும். மரம் அத்துச்சாரியை பெற்று மரத்தை ஆகவேண்டும். ஆடு ஒற்று இரட்டித்து ஆட்டை ஆகவேண்டும். ஆறு ஆற்றை ஆகவேண்டும். புலி யகர உடம்படுமெய்யும் பசு வகர உடம்படுமெய்யும் பெறவேண்டும். கல் கல்லை, வாள் வாளை. மொழி தெரிந்தவர்க்கு இவை நினைவிற்கே வராத செயல்கள். நிரலுக்கு இவற்றுள் ஒன்றும் தெரியாது.

வினைமுற்றில் வரும் இயைபு இதனினும் கடினம். வள்ளி வெட்டினாள், முருகன் வெட்டினான், புலி வெட்டியது, புலிகள் வெட்டின. வெற்றிடத்தில் யார் வருவார் என்பது அறியாதபோது வாய்பாட்டை எழுதுபவர் பெரும்பாலும் ‘ஆர்’ விகுதியைத் தெரிவுசெய்கிறார். விளைவு, சிலந்தியும் எலும்புக்கூடும் மரியாதைப் பன்மை பெற்றுச் ‘சிலந்தி முருகனைக் கொன்றார்’ என வரும். கலப்பு எழுவாய் வந்தால் குழப்பம் பெருகும். வீரனும் அவன் நாயும் ஒருங்கே வந்தால் வந்தனரா, வந்தனவா? நன்னூல் இதற்கு வழி வகுத்துள்ளது: திணையும் பாலும் விரவி வரும்போது சிறப்போ மிகுதியோ இழிபோ கருதி ஒரு முடிபு கொள்ளலாம். இம்மூன்றும் மதிப்பீடுகள், ஆகவே நிரல் தெரிவுசெய்ய இயலாதவை. அன்பு கொண்ட பசுவை உயர்திணையாகச் சொல்லும் உவப்பு வழுவமைதியும் அவ்வாறே. ஆடுபவர் தம் வளர்ப்பு விலங்கை ‘அவன்’ என்று கதை சொல்வார். அறிவிப்புத் தொடர் ‘அது’ என்றே சொல்லும். இவ்வேறுபாட்டைக் களைய முற்படாமல் விட்டுவிடுவதே தக்கது. பதிவின் அஃறிணைக்கும் கதையின் உயர்திணைக்கும் இடைப்பட்ட தொலைவில்தான் ஆடுபவரின் பற்று வெளிப்படுகிறது.

தமிழுக்கு எளிதான இடங்களும் உண்டு. எண்ணுப்பெயரோடு வரும் அஃறிணைப் பெயர் ‘கள்’ விகுதி பெறவேண்டும் என்னும் கட்டாயமில்லை. ‘ஐந்து ஆடு’ என்பது இயல்பான தமிழே. உருசிய மொழியினர் எண்ணிற்கேற்ப மூன்று வடிவங்களைக் கணக்கிட்டு எழுதவேண்டிய இடத்தில் தமிழர் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உருபுச் சிக்கலுக்கு மொழிபெயர்ப்பாளர் கையாளும் உத்திகளுள் முதன்மையானது, வெற்றிடத்திற்குப் பின் ஒரு பொதுப்பெயரை வைத்து உருபை அதன்மேல் ஏற்றுவது: ‘கோடரி என்னும் கருவியால்’, ‘முருகன் என்பவரை’. இலக்கணப் பிழை நேராது. ஆனால் நடை மாறிவிடுகிறது. புலியிடம் சிக்கி மடிந்தவனைப் பற்றிய அறிவிப்பு ஊராட்சி அலுவலகத்தின் இறப்புச் சான்றிதழ்போல் ஒலிக்கிறது. ஆடுபவர் அதனைத் தம் கதையில் எடுத்தாள மாட்டார். ஆங்கிலத் தொடரையே எடுத்தாள்வார், அல்லது மொழித்தெரிவை ஆங்கிலத்திற்கே மாற்றிக்கொள்வார். கடன்சொற்களால் நேராத இழப்பு இங்கு நேர்கிறது: தமிழில் ஆடத் தொடங்கியவர் ஆட்டத்தின் நடுவே தமிழைக் கைவிடுகிறார்.

இரண்டாவது உத்தி செம்மையானது, உழைப்பு மிகுந்தது. ஒவ்வொரு பெயரோடும் அதன் திரிபடியையும் திணைபாலையும் சேர்த்துப் பட்டியலிடுவது: மரம்–மரத்து–ஒன்றன்பால், ஆடு–ஆட்டு–ஒன்றன்பால், வள்ளி–வள்ளி–பெண்பால். திரிபடி கிடைத்துவிட்டால் எஞ்சியவை உடம்படுமெய்யும் ஒற்றிரட்டலும் குற்றியலுகரக் கேடும். இவை சில விதிகளில் அடங்குவன. எழுவாயின் பாலுக்கேற்ப வினைமுற்றைத் தெரிவுசெய்யும் வாய்பாட்டு முறைகள் மென்பொருள் உலகில் ஏற்கனவே உள்ளன. எழுத்ததிகாரப் புணரியலையும் உருபியலையும் பாடமாகக் கற்றவர்க்கு இப்பட்டியலை ஆக்குவது கடினமன்று. நிரலாளர்க்கு அவ்விலக்கணத்தை எடுத்துரைப்பதே கடினம். ஒரு விளையாட்டின் மூலநிரல் வெற்றிடத்தில் பெயரின் ஒரே வடிவத்தை மட்டும் ஏற்குமாயின், மொழிபெயர்ப்பாளரின் திறமை அவ்விடத்தில் பயன்படாது. எனவே தமிழாக்கம் பற்றிய உரையாடல் விளையாட்டு முடிந்தபின் தொடங்கக்கூடாது, அதன் வாய்பாடுகள் வகுக்கப்படும்போதே தொடங்கவேண்டும்.

ஆடுவோர் எழுதிய கதைகளை மொழிபெயர்க்கும்போது மறுதலையான சிக்கல் எழுகிறது. மேற்கூறிய யானைகளின் கதையில் ஒவ்வொருவரும் தம் ஆண்டைத் தாமே கண்டனர்; முன்னவரின் ஆண்டைப் பற்றிக் குறிப்புகளால் மட்டுமே அறிந்தனர். ஆங்கில இறந்தகாலம் இவ்விரண்டையும் வேறுபடுத்தாது. தமிழில் ‘யானை வந்தது’ என்பதும் ‘யானை வந்ததாம்’ என்பதும் வேறு. முன்னவர் ஆண்டின் நிகழ்ச்சிகளுக்கு ‘ஆம்’ கொடுத்தால் கேள்வியறிவு புலப்படும். முன்னவரைச் சிறிது நம்பாமையும் உடன்புலப்படும். அவ்வையம் அக்கதையின் நகைச்சுவைக்கு இன்றியமையாதது. ஆயின் ஒவ்வொரு தொடரிலும் ‘ஆம்’ வருமாயின் அது பாட்டி கதையாகிவிடும். பத்தியின் முதற்றொடரிலும் நம்பத்தகாத செய்திகளிலும் மட்டும் இடுவது போதும். பதிவில் தனித்தனித் தொடர்களாக நின்ற நிகழ்ச்சிகளை வினையெச்சங்களால் கோப்பதும் இங்குத்தான் இயலும். ‘கதவை உடைத்து, உள்ளே புகுந்து, மூவரை மிதித்து’ என அடுக்குவதற்கு எழுவாய் ஒன்றே என்னும் உறுதி வேண்டும்; அவ்வுறுதி எழுதியவரிடம் உண்டு, நிரலிடம் இல்லை.

கலைச்சொல்

‘எமர்ஜென்ட்’ என்னும் ஆங்கிலக் கலைச்சொல் ஜார்ஜ் ஹென்றி லூயிசால் 1875இல் மெய்யியற் பொருளில் ஆளப்பட்டது. கூறுகளின் கூட்டுத்தொகையாக விளக்கவியலாத பண்பைக் குறித்தது. தமிழில் ‘வெளிப்படு’ என்பது பொருந்தாது. முன்னரே உள்ளிருந்தது வெளிவந்தது என்னும் பொருளைத் தரும். ‘எழுச்சி’ அரசியல் வழக்கில் ஆழ வேரூன்றிவிட்டது. ‘தோன்று’ பொதுச்சொல்; எதிலிருந்து என்பதை உணர்த்தாது. ‘விளை’ என்னும் வினை ஏற்றது எனலாம். உழவன் விதைக்கிறான், நீர் பாய்ச்சுகிறான். நெல்லை அவன் செய்வதில்லை, நெல் விளைகிறது. விதியை இடுவோர்க்கும் கதைக்கும் உள்ள உறவும் இதுவே. எனவே பொதிந்து வைத்த கதையைப் ‘பொதிகதை’ என்றும், ஆட்டத்தினின்று பிறக்கும் கதையை ‘விளைகதை’ என்றும் வழங்கலாம். விளையாட்டு என்னும் சொல்லின் முதற்பகுதியோடு இதனை இணைத்துச் சொற்பிறப்புக் கூறும் ஆசை எழுவது இயல்பு. கலைச்சொல்லுக்கு அத்துணை தேவையில்லை. மெய்ப்பாட்டியல் உவகைக்குரிய நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாக விளையாட்டை வைத்திருப்பது அவ்வாசையைவிட உறுதியான துணை.

கலைச்சொல் எதுவாயினும், உடனடித் தேவை பெயர்ப்பட்டியலும் திரிபடியுமே. ஆடுவோர் தமக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்திலும் எண்கள் கலந்தும் வருவதால் அவற்றைப் பட்டியலில் அடக்கவியலாது. அப்பெயர்களுக்கு மட்டும் ‘என்பவர்’ தொடர்ந்து வேண்டியிருக்கும். புலிக்கும் கோடரிக்கும் அது வேண்டியதில்லை.